இரண்டு வாசல் உள்ள பெட்டி

மலர்க் குழுவினர் போன் செய்து, "வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும், கல்லூரி சம்பந்தமாகவும் இருக்க வேண்டும், இப்போது படிக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படவும் வேண்டும்" என்று மூன்று நிபந்தனை போட்டார்கள். நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன். கட்டபொம்மனைப் பற்றியோ வ.உ.சி.யைப் பற்றியோ எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம்ம ஊரில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். எனவே எனக்குத் தெரிந்த ஒரு சரித்திரத்தை எழுதுகிறேன். கம்ப்யூட்டரின் முதுகுப் பக்கத்தில் நெட்வொர்க் கேபிள் மாட்டுகிற சின்னச் சதுரத் துளை இருக்கிறதல்லவா, அதனுடைய சரித்திரம். சிரிக்க வேண்டாம். அந்தத் துளை விஷயத்தில் நான் செய்த ஒரு தவறால் 2009-ல் நம் கல்லூரியில் ஆறு பேருக்கு ஒரு வேலை வாய்ப்பு கைவிட்டுப் போயிற்று.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டு வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. நம் கல்லூரியில் தரைத்தளத்து ஆய்வகத்திலும் தண்ணீர் புகுந்தது. அதற்குப் பதிலாக நாற்பது கம்ப்யூட்டர் வாங்கித் தர நம் சங்கம் முன்வந்தபோது, "நீ இந்தத் துறையில்தானே இருக்கிறாய், பார்த்துச் சொல்" என்று வேலையை என் தலையில் கட்டினார்கள். மாதிரிக்கு ஒரு பெட்டி வந்தது. ஆய்வக அண்ணாச்சி அதைத் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, இதுல ரெண்டு ஓட்டைல்லா இருக்கு. எதுல சொருவணும்?"

எனக்கு ஒரு கணம் பேச்சு வரவில்லை. இதே கேள்வியை இதே அண்ணாச்சி இதே ஆய்வகத்தில் 2009-லும் என்னிடம் கேட்டார். அன்று நான் யோசிக்காமல் பதில் சொன்னேன்.

அந்த ராத்திரி

அப்போது நான் மூன்றாம் ஆண்டு. ஆய்வகத்தில் கொஞ்சம் விவரம் தெரிந்த மாணவன் என்று பெயர் வாங்கியிருந்தேன். கம்பெனி ஒன்று வளாகத் தேர்வுக்கு வருகிறது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆன்லைன் எழுத்துத் தேர்வு. நாற்பது பேர், நாற்பது கம்ப்யூட்டர். அதற்கு அவர்கள் கொடுத்த மென்பொருளோடு எல்லாப் பெட்டியையும் புதிதாக நிறுவ வேண்டும். ஒவ்வொன்றாக சி.டி. போட்டு உட்கார்ந்தால் மூன்று நாள் ஆகும். ஒரு பெட்டியைத் தயார் செய்து, அதன் வட்டு முழுவதையும் அப்படியே ஒரு பிம்பமாக எடுத்து சர்வரில் வைத்து, நெட்வொர்க் வழியாக மற்றவற்றுக்கு இறக்குவது என்று முடிவு செய்தோம். கணக்குப்படி இரண்டரை மணி நேர வேலை.

சர்வர் என்று மரியாதையாகச் சொல்கிறேனே தவிர, அதுவும் ஒரு சாதாரண அசெம்பிள்டு டெஸ்க்டாப்தான். அதன் மதர்போர்டில் மட்டும் இரண்டு லேன் போர்ட். இரண்டும் ஜிகாபிட். வெளியிலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். உள்ளே கன்ட்ரோலர் சிப் வேறு வேறு கம்பெனி. ஒன்று பெயர் பெற்றது, மற்றது நான் கேள்விப்படாதது. "எதுல சொருவணும்?" என்று அண்ணாச்சி கேட்டபோது பெயர் பெற்றதைக் காட்டினேன். ஒரு பெட்டிக்கு இறக்கிப் பார்த்தோம். ஜம்மென்று போனது.

அது மின்வெட்டுக் காலம். கரண்ட் போய் வந்து, வேலையை உண்மையில் ஆரம்பிக்கும்போது நள்ளிரவு. எட்டு எட்டாகப் பெட்டிகளை விட்டோம். வேகம் ஆமை மாதிரி. கேபிளை மாற்றினோம், ஸ்விட்சை அணைத்துப் போட்டோம், நாலு நாலாக விட்டோம். என்ன செய்தும் பயனில்லை. போர்ட்டை மாற்றிப் பார்க்க மட்டும் தோன்றவில்லை. அதுதான் "நல்ல" போர்ட் ஆயிற்றே! விடிந்தபோது முப்பத்து நான்கு தயார், ஆறு தயாரில்லை.

அந்த ஆறு இருக்கைக்காரர்களையும் "அடுத்த பேட்ச்சில் எழுதலாம்" என்று வெளியே உட்கார வைத்தார்கள். நேர்முகத் தேர்வு இழுத்துக்கொண்டே போனது. அடுத்த பேட்ச் நடக்கவில்லை. வந்தவர்கள் மாலை நெல்லை எக்ஸ்பிரஸுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஆறு பேரில் ஒருவன் என் அறைத்தோழன். எங்கள் வகுப்பில் என்னைவிட நன்றாகப் படித்தவன்.

ஏன் அப்படி ஆயிற்று என்பது எனக்குப் பல நாள் கழித்துத்தான் புரிந்தது. அதைப் புரியவைக்கக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

ஒரு கேபிளில் ஊரே பேசியது

1973 மே 22-ம் தேதி அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சிக் கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் என்ற இளைஞர் ஒரு குறிப்பை டைப் அடித்துச் சுற்றுக்கு விட்டார். கட்டிடத்தில் உள்ள கம்ப்யூட்டர்களையெல்லாம் ஒரே கேபிளில் தொங்கவிட்டுப் பேச வைக்கலாம் என்பது யோசனை. ஹவாய்த் தீவுகளில் ரேடியோ அலைவழி கம்ப்யூட்டர்களை இணைத்த அலோஹா நெட்வொர்க்தான் அதற்கு முன்னோடி. "ஈதர்நெட்" என்று பெயர் வைத்து, டேவிட் பாக்ஸ் என்பவருடன் சேர்ந்து செய்தும் காட்டினார். வேகம் விநாடிக்கு 2.94 மெகாபிட். எல்லோருக்கும் ஒரே கம்பி. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் மோதல். இருவரும் நிறுத்தி, ஆளுக்கொரு நேரம் காத்திருந்து, மறுபடி பேச வேண்டும். கல்யாண வீட்டுப் பந்தியில் பேசுகிற மாதிரிதான்.

மெட்காஃப் 1979-ல் த்ரீகாம் நிறுவனத்தை ஆரம்பித்தார். 1980-ல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் மூன்றும் சேர்ந்து 10 மெகாபிட் ஈதர்நெட் விதிகளை வெளியிட்டன. 1983-ல் ஐ.இ.இ.இ. அதை 802.3 என்ற தரவிதியாக ஏற்றது. ஆனால் அப்போது ஐ.பி.எம். பி.சி.யில் "நெட்வொர்க் துளை" என்று ஒன்றே கிடையாது. தனியாக ஒரு கார்டு வாங்கிச் செருக வேண்டும். 1982-ல் வந்த த்ரீகாமின் ஈதர்லிங்க் கார்டு ஆயிரம் டாலருக்கு அருகில் விலை.

மூளையுள்ள கார்டு, மூளையில்லாத கார்டு

இங்கேதான் நம் கதையின் முக்கியமான சண்டை ஆரம்பிக்கிறது. நெட்வொர்க் வேலையை யார் செய்வது? கார்டா, கம்ப்யூட்டரின் பிராசஸரா?

கார்டே செய்யட்டும் என்ற கட்சியில் முக்கியமானவர் ஓர் இந்தியர். பம்பாய் ஐ.ஐ.டி.யில் படித்து அமெரிக்கா போன கன்வல் ரேக்கி. 1982-ல் நண்பர்களுடன் சேர்ந்து அவர் தொடங்கிய எக்ஸலான் நிறுவனம், தனக்கென்று சொந்தப் பிராசஸர் வைத்த கார்டுகளைச் செய்தது. செய்தியைப் பொட்டலமாகக் கட்டுவது, முகவரி எழுதுவது, வந்து சேர்ந்ததா என்று சரிபார்ப்பது எல்லாம் கார்டின் பொறுப்பு. அன்றைய பி.சி. பிராசஸர் பாவம், நோஞ்சான். அதன் பாரத்தைக் கார்டு வாங்கிக்கொண்டது. அருமையான யோசனைதான், விலையும் அதற்கேற்ற மாதிரி.

எதிர்க்கட்சி நாவெல். அவர்களுக்குக் கார்டு விற்பது நோக்கமில்லை. நெட்வேர் என்ற மென்பொருளை விற்க வேண்டும். கார்டு விலை குறைந்தால் மென்பொருள் அதிகம் போகும். எனவே நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் 8390 சிப்பை வைத்து என்.இ.1000, என்.இ.2000 என்று மிக எளிய கார்டுகளை 1980-களின் பின்பாதியில் கொண்டுவந்தார்கள். அதில் மூளை கிடையாது. வந்த பைட்டுகளை ஒரு சின்ன நினைவகத்தில் வைத்துக்கொண்டு "வந்து எடுத்துக்கோ" என்று பிராசஸரைக் கூப்பிடும். அவ்வளவுதான். அதை யார் வேண்டுமானாலும் காப்பியடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். உலகமே அடித்தது.

யார் ஜெயித்தார்கள் தெரியுமா? 1989-ல் எக்ஸலான் நாவெலுடனேயே இணைந்துவிட்டது. பிராசஸர்கள் வருஷத்துக்கு வருஷம் வேகமாகிக்கொண்டே போனதால், அவற்றுக்கு நெட்வொர்க் வேலை ஒரு பாரமாகவே தெரியவில்லை. மூளையில்லாத கார்டு போதும் என்று ஆயிற்று. தைவானில் ஷின்ச்சு அறிவியல் பூங்காவில் 1987-ல் தொடங்கிய ரியல்டெக் போன்ற கம்பெனிகள் என்.இ.2000-க்குப் பொருந்தும் சிப்புகளை மலிவாக வார்த்துத் தள்ளின.

கேபிளும் மாறியது. 1990-ல் டெலிபோன் கம்பி போன்ற முறுக்குக் கம்பியில் 10 மெகாபிட் போகும் என்ற விதி வந்தது. இன்றைய சதுரத் துளை அப்போது நிலைத்ததுதான். அதே 1990-ல் கல்பனா என்ற கம்பெனி முதல் ஈதர்நெட் ஸ்விட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆமாம், கல்பனாதான். நிறுவனர் வினோத் பரத்வாஜ் தன் மனைவியின் பெயரை வைத்தார். ஸ்விட்ச் வந்த பிறகு ஊரே ஒரு கம்பியில் பேச வேண்டியதில்லை, ஆளுக்கொரு தனிப்பாதை. 1994-ல் சிஸ்கோ அந்தக் கம்பெனியை வாங்கிவிட்டது.

நம் நாட்டில் 1986-ல் மத்திய எலெக்ட்ரானிக்ஸ் துறையும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து எர்னெட் என்ற கல்வி நெட்வொர்க்கைத் தொடங்கின. சென்னை ஐ.ஐ.டி. அதில் ஆரம்பத்திலேயே உண்டு. 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. நம் திருநெல்வேலிக்கு அந்த அலை பிரவுசிங் சென்டர் வடிவில் வந்து சேர்ந்தது. ஜங்ஷனிலும் வண்ணார்பேட்டையிலும் பலகைத் தடுப்பு போட்டு, ஆறு கம்ப்யூட்டரை ஒரு இணைப்பில் கட்டி ஓட்டினார்கள். அந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் இருந்தது ரியல்டெக் 8139 சிப் போட்ட 100 மெகாபிட் கார்டு. நான் முதல் முதலாக என் காசில் வாங்கிய கார்டும் அதுதான், இருநூற்றுச் சொச்சம் ரூபாய்.

அந்தச் சிப்பைத் திட்டாத நிபுணர் கிடையாது. அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்தையும் அது கேட்கிற மாதிரி வரிசைப்படுத்திப் பிராசஸர் நகலெடுத்துக் கொடுக்க வேண்டும். வந்ததையும் பிராசஸரே அள்ளிக்கொண்டு போக வேண்டும். ஃப்ரீ பி.எஸ்.டி. இயங்குதளத்துக்கு அதன் டிரைவரை எழுதியவர், மட்டம் என்பதற்கே புது அர்த்தம் கொடுத்த கார்டு என்கிற தோரணையில் டிரைவர் கோப்புக்குள்ளேயே கிண்டல் எழுதி வைத்திருக்கிறார். அவர் சொன்னது உண்மை. ஆனால் ஆயிரம் டாலர் கார்டு மட்டுமே இருந்திருந்தால் வண்ணார்பேட்டையில் பிரவுசிங் சென்டர் வந்திருக்காது, என் கைக்கும் கார்டு வந்திருக்காது. அதுவும் உண்மை.

போர்டிலேயே குடியேறியது

கார்டு மலிவானதும், தனிக் கார்டு எதற்கு, மதர்போர்டிலேயே பதித்துவிடுவோம் என்று ஆரம்பித்தார்கள். இதில் இரண்டு வழி.

நெட்வொர்க் துளைக்குப் பின்னால் இரண்டு வேலைகள் உண்டு. பொட்டலத்தை ஒழுங்குபடுத்துவது ஒன்று. அதை 'மேக்' என்பார்கள். கம்பியில் மின்துடிப்பாக ஏற்றி இறக்குவது மற்றொன்று, அது 'ஃபை'. 2000-ல் இன்டெல் தன் சிப்செட்டுக்குள்ளேயே மேக்கை வைத்து, ஃபையை மட்டும் வெளியே சின்னச் சிப்பாக விட்டது. 2001-ல் என்விடியாவின் என்ஃபோர்ஸ் சிப்செட்டும் இதே வழியில் வந்தது. இது ஒரு வழி. இரண்டும் சேர்ந்த முழுச் சிப் ஒன்றைப் போர்டில் எங்காவது பதித்து, பி.சி.ஐ. பாதையில் இணைத்துவிடுவது மற்றொரு வழி. ரியல்டெக், மார்வெல், பிராட்காம் சிப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் வந்தன.

விலை உயர்ந்த போர்டுகளில், "எங்களுடையதில் இரண்டு லேன்" என்று அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போடுவதற்காக இரண்டு வழியையும் ஒரே போர்டில் வைத்தார்கள். ஒரு துளை சிப்செட்டோடு நேரடிச் சம்பந்தம். மற்றது பி.சி.ஐ. பாதையில் தொங்குவது. வெளியே பார்த்தால் ஒரே மாதிரி.

கடைமடை

பி.சி.ஐ. என்பது 1990-களில் வந்த பொதுப்பாதை. ஏட்டளவில் அதன் கொள்ளளவு விநாடிக்கு 133 மெகாபைட். அதில் எத்தனை கார்டு தொங்கினாலும் அந்த 133-ஐத்தான் பங்கு போட வேண்டும். 100 மெகாபிட் லேன் என்றால் விநாடிக்கு 12.5 மெகாபைட்தான், பிரச்சினையில்லை. 1999-ல் முறுக்குக் கம்பியிலேயே ஜிகாபிட் என்ற விதி வந்ததும் அது 125 மெகாபைட் ஆகிவிட்டது. ஒரே ஒரு போர்ட் பாதை முழுவதையும் விழுங்கிவிடும்!

இதை நம்ம ஊர்க்காரருக்கு விளக்குவது சுலபம். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு. கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். அங்கிருந்து வடகால், தென்கால் என்று இரண்டு கால்வாய் பிரிகிறது. உங்கள் வயலின் மடை எவ்வளவு அகலம் என்பதை வைத்து உங்களுக்குத் தண்ணீர் கிடைக்காது. அந்த மடை எந்தக் கால்வாயில் இருக்கிறது, உங்களுக்கு மேலே எத்தனை பேர் பாய்ச்சுகிறார்கள் என்பதை வைத்துத்தான் கிடைக்கும். கடைமடைக்காரர் மடையை எவ்வளவு அகலமாகக் கட்டினாலும் மேலே உள்ளவர் எடுத்தது போக மீதிதான்.

2009-ல் நான் கேபிள் மாட்டியது கடைமடையில். அந்தப் பெயர் பெற்ற சிப் பி.சி.ஐ. பாதையில் இருந்தது. அது மட்டுமல்ல, பிம்பம் இருந்த இரண்டு ஹார்டு டிஸ்குகளும் ஒரு தனிக் கார்டில் மாட்டப்பட்டு, அந்தக் கார்டும் அதே பி.சி.ஐ. பாதையில் இருந்தது. டிஸ்கிலிருந்து நினைவகத்துக்குப் போக ஒரு தடவை, நினைவகத்திலிருந்து நெட்வொர்க்குக்குப் போக இன்னொரு தடவை. ஒவ்வொரு பைட்டும் அந்த ஒற்றைச் சந்தில் இரண்டு தடவை நடந்தது. ஒரே ஒரு பெட்டிக்கு இறக்கியபோது இடம் இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. எட்டுப் பெட்டி ஒன்றாகக் கேட்டபோது டிஸ்க் கார்டும் லேன் சிப்பும் பாதைக்கு அடித்துக்கொண்டன. நான் கேள்விப்படாத அந்த இன்னொரு போர்ட் சிப்செட்டிலிருந்து நேராக வந்தது. அதற்கு இந்தச் சண்டையே கிடையாது.

இரண்டு மாதம் கழித்து, மனசு கேட்காமல், அண்ணாச்சியிடம் சாவி வாங்கி, கேபிளை மற்றத் துளையில் மாட்டி அதே வேலையைச் செய்து பார்த்தேன். பாதி நேரம்கூட ஆகவில்லை. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. சிப் மேல் தப்பில்லை, போர்டு செய்தவர் மேலும் தப்பில்லை. போர்டோடு வந்த கையேட்டில் எது எதோடு இணைந்திருக்கிறது என்ற கட்டப்படம் தெளிவாக இருந்தது. அந்தப் புத்தகத்தின் பிளாஸ்டிக் உறையைக்கூட நாங்கள் பிரிக்கவில்லை.

இந்தச் சிக்கலைத் தொழில்துறையும் உணர்ந்துதான் இருந்தது. 2003-ல் இன்டெல் தன் 875பி சிப்செட்டில் ஜிகாபிட் லேனுக்கென்றே தனிப்பாதை போட்டுக்கொடுத்தது. 2004 வாக்கில் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் போர்டுகள் வந்தபோது ஒவ்வொரு சிப்புக்கும் தனிப்பாதை கிடைத்து, சண்டை பெரும்பாலும் ஓய்ந்தது. யு.எஸ்.பி.க்காகப் பெயர் பெற்ற நம் வடோதராக்காரர் அஜய் பட் இந்தப் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் உருவாக்கத்திலும் பங்கு கொண்டவர்.

பெயரும் அனுபவமும்

மூளையுள்ள கார்டு அத்தோடு செத்துவிட்டதா என்றால் இல்லை. 2006-ல் பிக்ஃபுட் நெட்வொர்க்ஸ் என்ற கம்பெனி, தனிப் பிராசஸர் வைத்து அதற்குள் லினக்ஸே ஓடுகிற 'கில்லர்' கார்டை, விளையாட்டுப் பிரியர்களுக்காக முந்நூறு டாலருக்குக் கொஞ்சம் குறைவாக விற்றது. எக்ஸலானின் யோசனை மறுபிறவி எடுத்த மாதிரி. பின்னால் அந்தப் பெயர் கை மாறி மாறி 2020-ல் இன்டெல்லிடம் போயிற்று. போர்டில் வரும் இன்றைய கில்லர் சிப்பில் அந்தத் தனி லினக்ஸ் எல்லாம் கிடையாது. பெயர் இருக்கிறது, பொருள் வேறு.

2016-ல் பழைய கேபிளிலேயே 2.5 கிகாபிட் என்ற விதி வந்தது. அதற்காக இன்டெல் வெளியிட்ட ஐ225 சிப்பின் முதல் பதிப்பில், பொட்டலங்களுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளியில் ஒரு பிழை. சில ஸ்விட்சுகளோடு சேரும்போது 2.5 வேகத்தில் பொட்டலங்கள் தவறி வேகம் விழுந்துபோகும். 2020-ல் கம்பெனியே அதை ஒப்புக்கொண்டு திருத்திய பதிப்பை வெளியிட்டது. அதே காலத்தில் "மட்டம்" என்று ஏளனம் செய்யப்பட்ட ரியல்டெக்கின் 2.5 கிகாபிட் சிப் பல போர்டுகளில் சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது. இதை வைத்து ரியல்டெக்தான் எப்போதும் நல்லது என்று முடிவு கட்டினால், நான் 2009-ல் செய்ததைத் தலைகீழாகச் செய்கிறீர்கள். சிப்புக்குச் சிப், பதிப்புக்குப் பதிப்பு கதை வேறு. லினக்ஸில் ஒன்றுக்கு டிரைவர் பழுத்திருக்கும், இன்னொன்றுக்கு இன்னும் காயாக இருக்கும்.

அண்ணாச்சிக்குப் பதில்

இந்தத் தடவை அண்ணாச்சியிடம் உடனே பதில் சொல்லவில்லை. "பாத்துட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்றேன். இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்காக, என்ன பார்த்தோம் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் கையேட்டைப் பிரித்துக் கட்டப்படத்தைப் பார்த்தோம். இரண்டு போர்ட்டும் தனித்தனிப் பாதையில்தான் இருந்தன. ஒன்று 2.5 கிகாபிட், மற்றது 1 கிகாபிட்.

இரண்டாவது, எதிர்முனை. நம் ஆய்வக ஸ்விட்ச் பழைய ஜிகாபிட் ஸ்விட்ச். 2.5 துளையில் மாட்டினாலும் 1-க்குத்தான் இறங்கி ஓடும். எனவே வேகத்தில் வித்தியாசமே இல்லை.

மூன்றாவது, டிரைவர். நாம் நிறுவப்போகும் லினக்ஸ், இன்டர்நெட் இல்லாமல், முதல் பூட்டிலேயே இரண்டையும் அடையாளம் காண்கிறதா என்று பார்த்தோம். கண்டது. நெட்வொர்க் வழியாகப் பூட் ஆகும் வசதி சில போர்டுகளில் ஒரு துளைக்கு மட்டும்தான் இருக்கும். நாற்பது பெட்டிக்கும் பிம்பம் இறக்க அது அவசியம் என்பதால் அதையும் சோதித்தோம்.

நான்காவதுதான் முக்கியம்: பாரம் ஏற்றிச் சோதனை. கேம்பஸில் கிடைத்த எட்டுக் கம்ப்யூட்டரை இழுத்து வந்து, எட்டும் ஒரே நேரத்தில் இந்த ஒரு பெட்டியிடம் கேட்க வைத்து, இரண்டு திசையிலும், ஒவ்வொரு துளைக்கும் ஒரு முழு ராத்திரி ஓடவிட்டோம். காலையில் பதிவேட்டைப் பார்த்தால், வேகமான துளை நம் பழைய ஸ்விட்சோடு ராத்திரியில் இரண்டு தடவை இணைப்பை விட்டு மறுபடி பிடித்திருந்தது. மற்றது ஒரு தடவைகூட விடவில்லை. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். அது அந்தச் சிப்புக்கும் இந்த ஸ்விட்சுக்கும் உள்ள சங்கதி. உங்கள் வீட்டில் வேறு மாதிரி இருக்கும். நீங்களே பாரம் ஏற்றிப் பாருங்கள்.

எனவே 1 கிகாபிட் துளையில் மாட்டுவது என்று தீர்மானம். மற்றதை மூடி வைக்கிறோம். அதுவும் வீணில்லை. ஐப்பசி, கார்த்திகையில் நம்ம பக்கம் இடி எப்படி இறங்கும் என்பது தெரியும். துளைக்குப் பின்னால் சின்ன மின்மாற்றி ஒன்று தடுப்பாக இருக்கிறது. தரவிதிப்படி 1500 வோல்ட் தாங்க வேண்டும். இடி அந்தக் கணக்கையெல்லாம் பார்த்து விழுவதில்லை. ஒரு போர்ட் கருகினால் மதர்போர்டு தப்பித்திருக்கும்பட்சத்தில் மற்றதில் மாட்டிக்கொண்டு வருஷத்தை ஓட்டிவிடலாம். நாளைக்கு ஸ்விட்ச் மாற்றினால் இதே சோதனையை மறுபடி செய்ய வேண்டும். எப்படிச் செய்வது என்று ஒரு தாளில் எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

நாற்பது பெட்டியும் வந்து இறங்கிய அன்று பிம்பம் இறக்கினோம். மாலை ஆறு மணிக்கு ஆரம்பித்து, டவுனுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் முடிந்திருந்தது. நாற்பதுக்கு நாற்பது.

அன்று என் அறைத்தோழனும் வந்திருந்தான். அந்த வேலை போன பிறகு இரண்டு வருஷம் சும்மா இருந்து, துபாய் போய், இப்போது சொந்த ஊருக்கே திரும்பித் தொழில் செய்கிறான். இந்தப் பெட்டிகளில் நாலு அவன் நன்கொடை. பதினைந்து வருஷத்துக்கு மேலாக நான் அவனிடம் அந்த ராத்திரியைப் பற்றிப் பேசியதில்லை. அன்று சொன்னேன். கையேட்டைப் பிரிக்காதது, பெயரைப் பார்த்து மாட்டியது, எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான்: "ஏல, அப்போ அந்த இன்னொரு ஓட்டைல மாட்டிருந்தா நான் பரீட்ச எழுதிருப்பேன், அப்படித்தான?"

"ஆமா" என்றேன்.

அவன் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய், அண்ணாச்சியிடம் ஸ்டிக்கரும் பேனாவும் வாங்கி, நாற்பது பெட்டியின் முதுகிலும் சரியான துளைக்குப் பக்கத்தில் "இதில் மாட்டவும்" என்று எழுதி ஒட்டிவிட்டு வந்தான். அவன் கையெழுத்து அப்போது மாதிரியே அழகாக இருந்தது. சந்திப்பு நாளன்று ஆய்வகம் திறந்திருக்கும். அவசியம் போய்ப் பாருங்கள்.

(எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு, 2006–2010)